ஈறு கெட்டால் பல் நிலைக்காது

(குடும்ப நலக் கூட்டத்தில், வட்ட மருத்துவமனையின் பெண் பல் மருத்துவர் தம்பதிகளிடையே ஆற்றிய உரை)



காட்டு வேலை, வீட்டு வேலை எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்துவிட்டுக் கணவனும் மனைவியுமாக வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். குடும்ப நலக் கூட்டம் என்றால் பிரசவம், தடுப்பூசி, பிள்ளைகளுக்கு இடைவெளி என்றுதான் பேசுவார்கள். "இன்னிக்கு என்ன, பல் டாக்டரம்மாவைக் கூட்டிட்டு வந்துட்டாங்க?" என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டது என் காதிலும் விழுந்தது. நியாயமான கேள்விதான். பதிலைக் கூட்டம் முடிவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

முதலில் நான் ஒரு கேள்வி கேட்கிறேன். காலையில் பல் விளக்கித் துப்பும்போது எச்சிலில் இரத்தம் தெரிகிறவர்கள் கை தூக்குங்கள் பார்க்கலாம். கூச்சப்படாதீர்கள். பாருங்கள், பாதிப் பேருக்கு மேல் தூக்கிவிட்டீர்கள். இதில் எத்தனை பேர் இதற்காக டாக்டரிடம் போனீர்கள்? ஒருவரும் இல்லை. ஏன்? வலிக்கவில்லை, அதனால் போகவில்லை. கையில் இரத்தம் வந்தால் பதறுகிறோம். வாயில் தினம் இரத்தம் வந்தால் கொப்பளித்துத் துப்பிவிட்டு வேலையைப் பார்க்கிறோம்.

அந்த இரத்தத்தைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

ஈறு நோய் என்பது என்ன?

நாம் சாப்பிட்ட பிறகு பல்லின் மேல் ஒரு வழவழப்பான படலம் படிகிறது. நாக்கால் தடவிப் பார்த்தாலே தெரியும். அது வெறும் அழுக்கு அல்ல. முழுக்க முழுக்கக் கிருமிகள். தினமும் இதைத் துடைத்து எடுத்துவிட்டால் ஒன்றும் இல்லை. விட்டுவிட்டால், எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து அதில் சேர்ந்து கெட்டியாகிவிடுகிறது. இதைத்தான் பற்காரை என்கிறோம். கீழ் முன்பற்களின் உட்புறத்தில் மஞ்சளாக, கல் மாதிரி ஒட்டியிருக்கும். காரை கட்டிய பிறகு எந்தப் பொடியாலும், எந்தக் குச்சியாலும் அதை எடுக்க முடியாது.

பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே இயற்கையாகவே ஒரு சின்னப் பள்ளம் இருக்கிறது. நல்ல ஈறாக இருந்தால் அதன் ஆழம் ஒன்றிலிருந்து மூன்று மில்லிமீட்டர். கிருமி அங்கே தங்கினால் ஈறு சிவந்து வீங்குகிறது, தொட்டால் இரத்தம் வருகிறது. இது முதல் கட்டம். இந்தக் கட்டத்தில் கவனித்தால் முழுவதும் குணமாகும்.

கவனிக்காவிட்டால், பலருக்கு நோய் உள்ளே இறங்குகிறது. ஈறு பல்லை விட்டுப் பிரிகிறது. பள்ளம் நான்கு, ஐந்து, ஆறு மில்லிமீட்டர் என்று ஆழமாகிறது. ஆறு மில்லிமீட்டர் என்றால் ஏறக்குறைய ஓர் அரிசியின் நீளம். அந்த ஆழத்துக்குள் உங்கள் பிரஷ் போகாது, வேப்பங்குச்சியும் போகாது. அங்கே கிருமிகள் நிம்மதியாகக் குடியிருக்கின்றன. உடம்பு அவற்றோடு சண்டை போடுகிறது. அந்தச் சண்டையில் பல்லைத் தாங்கி நிற்கும் தாடை எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. கண்மாய்க் கரையை நண்டு குடைவது மேலே நிற்பவனுக்குத் தெரியுமா? கரை உட்காரும்போதுதான் தெரியும். அப்படித்தான் இதுவும். பல் ஆடும்போதுதான் நமக்குத் தெரிகிறது.

கரைந்த எலும்பு பெரும்பாலும் திரும்ப வளராது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் கரைவதை நிறுத்த முடியும். மிச்சம் இருக்கிற எலும்பைக் கொண்டே பல்லை இருபது, முப்பது வருடம் காப்பாற்ற முடியும். அதற்குச் செய்ய வேண்டியது ஒருநாள் வைத்தியம் அல்ல, தொடர்ந்த வைத்தியம். நான் சொல்ல வந்தது இந்த ஒரு விஷயம்தான்.

ஒரு தம்பதியின் கதை

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு தம்பதி என்னிடம் வந்தார்கள். பெயர் வேண்டாம். அவர் கடலை போடும் விவசாயி. அந்த அம்மாவுக்கு முப்பத்தாறு வயது, மூன்று பிள்ளைகள். கீழே இரண்டு முன்பற்கள் ஆடிக்கொண்டிருந்தன. கணவர்தான் பேசினார்: "அம்மா, மூத்த பொண்ணுக்கு அடுத்த மாசம் சடங்கு வச்சிருக்கோம். அதுக்குள்ள இந்த ரெண்டையும் புடுங்கிட்டுக் கட்டுப்பல் வச்சு விட்டுடுங்க."

"எத்தனை நாளாக இரத்தம் வருகிறது?" என்று அந்த அம்மாவைக் கேட்டேன். "ரெண்டாவது பய வயித்துல இருக்கறப்ப ஆரம்பிச்சதுங்க" என்றார். பையனுக்கு வயது பதினொன்று. பதினொரு வருடமாக இரத்தம் வந்திருக்கிறது, யாரிடமும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்றேன். "இதெல்லாம் ஒரு நோக்காடுன்னு சொல்லிக்கிட்டா நிப்பாங்க?" என்றார்.

பள்ளத்தை அளந்து பார்த்தேன். பல இடத்தில் ஆறு, ஏழு மில்லிமீட்டர். இந்த வயதில் இவ்வளவு இருக்கிறதே என்று சர்க்கரையைப் பார்க்கச் சொன்னேன். சர்க்கரை வியாதி இருந்தது. அதுவரை அவருக்கே தெரியாது.

பிறகு கணவரையும் நாற்காலியில் உட்காரச் சொன்னேன். "எனக்கு ஒண்ணும் இல்லீங்க, ஒரு சொட்டு ரத்தம் வராது" என்றார். வாயைத் திறந்தால் வெற்றிலை, புகையிலைக் கறை. அளந்தால் அவருக்கும் ஏழு மில்லிமீட்டர். மேல் கடைவாய்ப் பல் இரண்டு ஆட்டம் கண்டிருந்தன. புகையிலை போடுகிறவர்கள், பீடி, சிகரெட் குடிக்கிறவர்கள் பலருக்கு ஈறில் இரத்தக் கசிவு குறைவாகத்தான் தெரியும். வியாதி இல்லை என்று அதற்கு அர்த்தம் இல்லை. புகையிலை வியாதியை வளர்த்துக்கொண்டே அதன் அடையாளத்தை மூடி வைக்கிறது. இரத்தம் வரவில்லை என்று கை தூக்காமல் உட்கார்ந்திருந்த ஐயாமார் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

அந்த அம்மாவின் பல்லைப் பிடுங்கவில்லை. இருவருக்கும் சிகிச்சையைத் தொடங்கினேன். தொடங்கும்போது நான் ஒரு தப்புச் செய்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

என்ன சிகிச்சை?

முதல் படி, ஈறுக்கு மேலும் கீழும் உள்ள காரையை எடுப்பது. மேலே உள்ளதை எடுப்பதைத்தான் பல் சுத்தம் செய்வது என்று எல்லோரும் சொல்கிறோம். ஈறு நோய் இறங்கியவர்களுக்கு அது மட்டும் போதாது. ஈறுக்குள்ளே வேரில் ஒட்டியிருக்கும் கறுத்த காரையையும் சுரண்டி, வேரை வழவழப்பாக்க வேண்டும். மரத்துப்போக ஊசி போட்டுச் செய்வதால் வலி தெரியாது. வாயை நான்கு பாகமாகப் பிரித்து, இரண்டு மூன்று தடவையில் முடிப்பது வழக்கம்.

இரண்டாம் படி, நான்கு முதல் எட்டு வாரம் கழித்து, பெரும்பாலும் ஆறு வாரத்தில், மறுபடியும் அளந்து பார்ப்பது. நிறையப் பேருக்கு இதற்குள் ஈறு இறுகிப் பள்ளம் குறைந்திருக்கும்.

மூன்றாம் படி எல்லோருக்கும் தேவைப்படாது. அளந்து பார்த்தும் சில இடத்தில் ஆழம் குறையவில்லை, இரத்தம் நிற்கவில்லை என்றால், ஈறு நோய் சிறப்பு மருத்துவரிடம் அனுப்புவோம். இவர்கள் பல் மருத்துவம் முடித்து, அதன் மேல் மூன்று வருடம் ஈறு நோய்க்கென்றே படித்தவர்கள். பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதற்குத் தனிப் பிரிவு உண்டு. சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி 1953-லிருந்து இருக்கிறது. புதுக்கோட்டையில் 2023-இல் அரசு பல் மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். அங்கே போகும்போது உங்கள் சீட்டையும் எக்ஸ்-ரே படத்தையும் மறக்காமல் கொண்டு போக வேண்டும்.

சிறப்பு மருத்துவர் என்ன செய்வார்? தேவைப்பட்டால் ஈறை இலேசாகத் திறந்து, ஆழத்தில் உள்ள காரையைக் கண்ணால் பார்த்தே எடுத்துவிட்டு, மறுபடி மூடித் தையல் போடுவார். இதுவும் மரக்க வைத்துச் செய்வதுதான். அன்றைக்கே வீட்டுக்கு வரலாம். தையலை ஒரு வாரம், பத்து நாளில் பிரிப்பார்கள். எலும்பு குழிந்திருக்கும் சில இடங்களில் எலும்புத் தூள் வைப்பதும் உண்டு. ஆடும் பற்களைப் பக்கத்துப் பல்லோடு மெல்லிய கம்பியால் சேர்த்துக் கட்டுவதும் உண்டு. எதைக் காப்பாற்றலாம், எதை எடுத்துத்தான் ஆக வேண்டும் என்று நிதானித்துச் சொல்லவும் அவரால் முடியும்.

நான் செய்த தப்பு

இப்போது அந்தத் தப்புக்கு வருகிறேன். முதல் சுத்தம் முடிந்து பத்து நாளில் அந்த விவசாயி கோபமாக வந்தார். "நல்லா இருந்த பல்லைச் சுரண்டிச் சந்து விட்டுட்டீங்க. தண்ணி குடிச்சா கூசுது. ஊர்ல அப்பவே சொன்னாங்க, சுத்தம் பண்ணுனா பல் ஆடிப் போயிரும்னு. நாங்கதான் கேக்கலை."

அவர் மேல் குற்றம் இல்லை. இதை நான் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். பல வருடமாகச் சந்துகளைக் காரை அடைத்துக்கொண்டிருந்தது. ஈறும் வீங்கி இருந்தது. காரையை எடுத்து, வீக்கமும் வற்றியதும், எலும்பு கரைந்துபோன இடம் சந்தாகத் தெரிகிறது. அந்தச் சந்து சுத்தம் செய்ததால் வந்தது அல்ல. வியாதி ஏற்கெனவே உண்டாக்கி வைத்தது. காரை பல்லுக்கு முட்டுக் கொடுத்த மாதிரி இருந்ததால், எடுத்ததும் ஆட்டம் கொஞ்சம் கூடின மாதிரியும் தோன்றும். வேர் வெளியே தெரிவதால் சில வாரம் கூசும். பிறகு பெரும்பாலும் அடங்கும். அடங்காவிட்டால் அதற்கான பற்பசை இருக்கிறது.

இதையெல்லாம் முதல் நாளே சொல்லாமல் விட்டேன். அதன் பலன், இருவரும் ஒன்பது மாதம் வரவில்லை. திரும்பி வரும்போது அவருக்குக் கன்னம் வீங்கியிருந்தது. ஆடிய கடைவாய்ப் பல் இரண்டையும் எடுக்க வேண்டியதாயிற்று. அதனால்தான் இன்றைக்கு எல்லோரிடமும் முதலில் சொல்கிறேன்: சந்து தெரியும், கூசும், பயப்படாதீர்கள், வருவதை நிறுத்தாதீர்கள்.

மூன்று மாதக் கணக்கு

"ஒரு தடவை சுத்தம் பண்ணியாச்சு, ஆபரேசனும் ஆச்சு, இன்னும் எதுக்கு வரச் சொல்றீங்க?" இந்தக் கேள்வியை நான் கேட்காத நாள் இல்லை.

நாம் எவ்வளவு சுத்தம் செய்தாலும் ஆழமான பள்ளத்துக்குள் கிருமிகள் மறுபடியும் குடியேறுகின்றன. சுமார் மூன்று மாதத்தில் பலருக்குப் பழைய கணக்குக்கே வந்துவிடுகின்றன. அதனால்தான் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வரச் சொல்கிறோம். வந்தால் அளந்து பார்ப்போம், எங்கே இரத்தம் வருகிறதோ அந்த இடத்தை மட்டும் சுத்தம் செய்வோம். பெரும்பாலும் அரைமணி, முக்கால் மணி நேர வேலை. ஓரிரு வருடம் நன்றாக இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை என்று தள்ளிப் போடலாம். அதை மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும். சர்க்கரை வியாதிக்கு மாத்திரையைப் பாதியில் நிறுத்துவோமா? இதுவும் அப்படித்தான். அடக்கி வைக்க முடியும், மறந்துவிட முடியாது.

இது சும்மா சொல்வது அல்ல. உலகத்தில் பார்த்துக் கணக்கெடுத்திருக்கிறார்கள். இரண்டு கணக்கை மட்டும் சொல்கிறேன்.

முதல் கணக்கு இலங்கையில் எடுத்தது. அங்கே தேயிலைத் தோட்டங்களில் வேலை பார்த்த தமிழ்த் தொழிலாளர்கள், எல்லோரும் ஆண்கள், 480 பேரை 1970-இலிருந்து 1985 வரை பல தடவை பரிசோதித்தார்கள். நம் பக்கத்திலிருந்து அந்தக் காலத்தில் கூலிக்குப் போன ஜனங்களின் வம்சம் அது. அவர்களுக்குப் பல் விளக்கும் பழக்கமும் இல்லை, பல் வைத்தியமும் இல்லை. ஆச்சரியம் என்னவென்றால், சொத்தைப் பல் அவர்களுக்கு அநேகமாக இல்லவே இல்லை. ஈறு நோய் மட்டும் தன்னிஷ்டத்துக்கு நடந்தது. நூற்றுக்கு 11 பேருக்கு அது ஈறின் மேலோடு நின்றுவிட்டது. 81 பேருக்கு நிதானமாக இறங்கியது. நாற்பத்தைந்து வயதில் சராசரி 7 பல் போயிருந்தது. 8 பேருக்கு வேகமாக இறங்கியது. நாற்பத்தைந்து வயதில் வாயில் ஒரு பல் இல்லை. சொத்தை இல்லாத பற்கள், அத்தனையும் ஈறு வழியாகவே போயின.

இரண்டாவது கணக்கு சுவீடன் தேசத்தில், கார்ல்ஸ்டாட் என்ற ஊரில் எடுத்தது. 1972-இல் 375 பேரைச் சேர்த்தார்கள். எப்படிப் பல் விளக்குவது என்று திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தார்கள். முதல் இரண்டு வருடம் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, அடுத்த நான்கு வருடம் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வரச்சொல்லிச் சுத்தம் செய்தார்கள். பிறகு அவரவர் தேவைப்படி. முப்பது வருடம் இது நடந்தது. கடைசிவரை 257 பேர் இருந்தார்கள். முப்பது வருடத்தில் ஆளுக்கு எத்தனை பல் போயிற்று தெரியுமா? வயதுக்குத் தக்கபடி சராசரி அரைப் பல்லிலிருந்து இரண்டு பல்லுக்குள்.

இரண்டும் வேறு வேறு ஊர், வேறு வேறு ஜனங்கள். ஒன்றோடொன்று சரிசமமாக வைத்துப் பார்க்க முடியாது. ஆனாலும் கவனித்தால் என்ன, கவனிக்காவிட்டால் என்ன என்பது இதிலிருந்தே விளங்கும்.

கர்ப்பிணிகள் கவனத்துக்கு

கர்ப்ப காலத்தில் உடம்பில் சுரக்கும் நீர்கள் மாறுவதால் ஈறு சீக்கிரம் வீங்கும், இரத்தம் வரும். "புள்ளை பல்லை உறிஞ்சிருச்சு" என்று சொல்வது சரியல்ல. வயிற்றுப் பிள்ளை தாயின் பல்லிலிருந்து சுண்ணாம்பை எடுப்பதில்லை. ஏற்கெனவே இருந்த ஈறு நோய் அந்தச் சமயத்தில் பெரிதாகிறது. கர்ப்பிணிக்குப் பல் சுத்தம் செய்யலாம், அதனால் பிள்ளைக்கு ஆபத்து இல்லை. நான்காம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை உட்கார வசதியான காலம். கர்ப்பமாக இருப்பதைப் பல் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். சில மருந்துகளைத் தவிர்க்க வேண்டியிருக்கும். பிள்ளைக்கு ஆசைப்படுகிறவர்கள், கர்ப்பம் தரிக்கும் முன்பே ஒரு தடவை வந்து பார்த்துக்கொள்வது இன்னும் நல்லது. குடும்ப நலக் கூட்டத்தில் பல் டாக்டருக்கு என்ன வேலை என்று கேட்டவருக்கு இது பாதிப் பதில்.

சர்க்கரை வியாதி உள்ளவர்கள் கவனத்துக்கு

சர்க்கரை கூடினால் ஈறு நோய் கூடும். ஈறு நோய் கூடினால் சர்க்கரை அடங்காது. ஒன்றுக்கொன்று தூபம் போடும் வியாதிகள். ஈறு நோய்க்கு முறையாகச் சிகிச்சை செய்தால், மூன்று மாதச் சர்க்கரை அளவும் ஓரளவு இறங்குவதைப் பார்த்திருக்கிறார்கள். மாத்திரைக்குப் பதில் அல்ல, மாத்திரைக்குத் துணை.

வீட்டில் என்ன செய்ய வேண்டும்?

நாங்கள் மூன்று மாதத்துக்கு ஒருநாள் பார்க்கிறோம். மிச்ச நாளெல்லாம் வைத்தியம் உங்கள் கையில்.

காலையில் ஒரு தடவை, இரவு படுக்கும் முன் ஒரு தடவை, இரண்டிரண்டு நிமிடம் பல் விளக்குங்கள். மென்மையான பிரஷ் வாங்குங்கள். பல்லும் ஈறும் சேரும் இடத்தில் சாய்த்து வைத்து, அலுங்காமல் தேய்க்க வேண்டும். இரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தை விட்டுவிடாதீர்கள். அந்த இடத்தில்தான் வேலை இருக்கிறது. டென்மார்க்கில் 1965-இல் ஒரு சோதனை செய்தார்கள். நல்ல ஈறு உள்ள 12 பேரைப் பல் விளக்காமல் இருக்கச் சொன்னார்கள். பத்து நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கிவிட்டது. மறுபடி விளக்கத் தொடங்கினதும் ஒரு வாரம் போல ஆகிச் சரியாயிற்று. முதல் கட்டத்தில் இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல சேதி வேண்டியதில்லை.

சந்து உள்ளவர்களுக்குச் சின்னதாக, பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரியே ஒரு பிரஷ் இருக்கிறது. எந்த அளவு என்று மருத்துவர் சொல்வார். தினம் ஒரு தடவை சந்துக்குள் விட்டு எடுக்க வேண்டும். ஊக்கு, ஈர்க்குச்சி விட்டுக் குத்தாதீர்கள்.

"ஆலும் வேலும் பல்லுக்குறுதி" என்றார்கள் பெரியவர்கள். குச்சியில் விளக்குகிறவர்கள், நுனியை நன்றாக மென்று பஞ்சாக்கிக்கொண்டு, ஈறிலிருந்து பல்லை நோக்கித் தேயுங்கள். ரம்பம் அறுக்கிற மாதிரி குறுக்கே இழுக்காதீர்கள். உமிக்கரி, செங்கல் தூள், சாம்பல், மணல் வேண்டாம். பல் தேய்ந்து போகும், ஈறும் இறங்கும். புகையிலை கலந்த பொடி வேண்டவே வேண்டாம்.

கணவன், மனைவி இருவருக்கும்

இப்போது மீதிப் பதிலைச் சொல்கிறேன்.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருவது இலேசான காரியமா? இல்லை. எனக்குத் தெரியும். அதிலும் வீட்டுப் பெண்கள், வலி இல்லாத வியாதிக்காகத் தாங்களாக ஒருநாளும் புறப்பட மாட்டார்கள். அரிசி, பள்ளிக்கூடம், மாட்டுத் தீவனம் எல்லாம் முடிந்து கடைசியில்தான் தன் பல். கணவன்மார்களே, "புடுங்கிப் போட்டா தீந்துச்சு" என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். பல் போன அம்மா கடலை, சுண்டல், கீரைத்தண்டு, கறி எல்லாவற்றையும் விட்டுவிட்டு ரசத்தில் சோற்றைக் கரைத்துச் சாப்பிடுவார். சத்துக் குறையும், சோறு கூடும், சர்க்கரையும் கூடும். அது ஒரு பல்லின் நஷ்டம் அல்ல, குடும்பத்தின் நஷ்டம்.

மனைவிமார்களே, உங்கள் வீட்டுக்காரர் புகையிலையை விடுகிறேன் என்றால் கிண்டல் செய்யாதீர்கள். பத்துத் தடவை விட்டுப் பதினோராவது தடவை நிஜமாக விட்டவர்கள் இருக்கிறார்கள். புகையிலை போடுகிறவர் வாயில் வெள்ளைத் திட்டோ, இரண்டு வாரம் ஆறாத புண்ணோ இருந்தால் உடனே கூட்டி வாருங்கள்; அது ஈறு நோயைவிடப் பெரிய விஷயமாக இருக்கலாம்.

மாதம் ஒரு தடவை, வெளிச்சத்தில் உட்கார்ந்து ஒருவர் வாயை ஒருவர் பாருங்கள். சிரிக்காதீர்கள், நிஜமாகவே சொல்கிறேன். ஈறு சிவந்திருக்கிறதா, சீழ் தெரிகிறதா, பல் நீண்ட மாதிரி தெரிகிறதா, விலகியிருக்கிறதா, வாய் நாற்றம் இருக்கிறதா? வாய் நாற்றத்தைச் சொல்ல வெட்கப்பட்டே எத்தனையோ தம்பதிகள் வருடக் கணக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுக்கிறார்கள். அது குணம் கெட்டதால் வருவது அல்ல, பல சமயம் ஈறு கெட்டதால் வருவது. சொல்லுங்கள், கூட்டி வாருங்கள். மறுபடி வர வேண்டிய தேதியைக் காலண்டரில் இருவருமாகக் குறித்து வையுங்கள்.

கூட்டத்தில் கேட்ட சில கேள்விகள்

"கடையில விக்கிற வாய் கொப்பளிக்கிற மருந்து போதாதுங்களா?"

போதாது. மருத்துவர் சொன்னால் இரண்டு வாரம் போல உபயோகிக்கலாம். அது ஆழத்துக்குள் போகாது, காரையையும் கரைக்காது. அதிகநாள் போட்டால் சில மருந்துகள் பல்லில் பழுப்புக் கறை ஏற்றும். உப்புத் தண்ணீர் இதமாக இருக்கும், வியாதியைத் தீர்க்காது.

"மாத்திரை போட்டே சரி பண்ண முடியாதா?"

காரை இருக்கும்வரை மாத்திரை நிற்காது. சிலருக்கு மட்டும், சுத்தம் செய்வதோடு சேர்த்து மருத்துவர் எழுதிக் கொடுப்பார். நீங்களாகக் கடையில் வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

"எங்க அப்பாவுக்கும் நாப்பது வயசுல பல்லெல்லாம் போச்சு. எனக்கும் போகத்தானே செய்யும்?"

சில குடும்பங்களில் ஈறு நோய் சீக்கிரம் வரும், உண்மைதான். அப்படியானால் மற்றவர்களைவிட நீங்கள் முந்தி வர வேண்டும் என்றுதான் அதற்கு அர்த்தம். உங்கள் பிள்ளைகளையும் காட்டுங்கள்.

முடிவாக

அந்தத் தம்பதி என்ன ஆனார்கள் என்று கேட்பீர்கள். ஒன்பது மாதம் கழித்து வந்தவர்கள், அதன் பிறகு நிற்கவில்லை. அந்த அம்மாவைச் சிறப்பு மருத்துவரிடம் அனுப்பினேன். இரண்டு இடத்தில் ஈறைத் திறந்து சுத்தம் செய்து, கீழ் முன்பற்களைக் கம்பியால் கட்டி அனுப்பினார். நான்கு வருடம் ஆகிறது. பிடுங்கச் சொன்ன அந்த இரண்டு பல்லும் இன்னும் அவர் வாயில்தான் இருக்கின்றன. கணவருக்கு எடுத்த இரண்டு பல் எடுத்ததுதான். ஆனால் அதற்குப் பிறகு ஒன்றும் போகவில்லை. புகையிலையை இரண்டு தடவை விட்டு, மறுபடி பிடித்து, மூன்றாவது தடவையாக விட்டிருக்கிறார். போன முறை வந்தபோது, பையிலிருந்து ஒரு கை வறுத்த கடலையை எடுத்து என் மேஜை மேல் வைத்தார்: "இவளே நேத்து தின்னு பாத்துட்டுத்தான் குடுத்து விட்டாம்மா" என்றார்.

உங்களில் இரத்தம் வருகிறது என்று கை தூக்கியவர்கள், புகையிலை போடுகிறவர்கள், சர்க்கரை உள்ளவர்கள், கர்ப்பிணிகள் எல்லோரும் இந்த மாதத்துக்குள் ஒருநாள் உங்கள் வட்ட மருத்துவமனைப் பல் பிரிவுக்கு வாருங்கள். தனியாக வராதீர்கள், ஜோடியாக வாருங்கள்.



நினைவில் வையுங்கள்

1. ஈறில் இரத்தம் வருவது வியாதியின் அடையாளம். வலி வரும்வரை காத்திருக்கக் கூடாது.

2. புகையிலை போடுகிறவர்களுக்கு இரத்தம் வராமலே ஈறு நோய் இருக்கலாம்.

3. சுத்தம் செய்வதால் பல் ஆடாது. தெரியும் சந்து வியாதி உண்டாக்கியது.

4. ஆழமான பள்ளம் குறையாவிட்டால் ஈறு நோய் சிறப்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

5. சிகிச்சை முடிந்த பிறகும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, அல்லது மருத்துவர் சொல்லும் தேதியில், தவறாமல் வர வேண்டும்.

6. காலையிலும் இரவிலும் மென்மையான பிரஷ்ஷால் பல் விளக்க வேண்டும். கணவனும் மனைவியும் ஒருவர் பல்லை ஒருவர் கவனித்துக்கொள்ள வேண்டும்.